மூன்று எழுத்துக் குற்றம்

அத்தியாயம் 6

"இன்னிக்கும் ஃபைல் இல்லேன்னு சொன்னாங்கன்னா, இந்த வராந்தாவுலயே எனக்கு ஒரு காம்பரா ஒதுக்கச் சொல்லுங்கண்ணே. பாய் தலையணையோட குடிவந்துடுறேன்," என்றான் இக்ராம்.

துப்பறிவாளர் சோலைமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அவர் யாருக்குமே ஒரு நல்ல பதில் சொல்லியிருக்கவில்லை.

1961 ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஹட்டனில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிரஜாவுரிமை விசாரணை நடக்கும் கட்டிடத்தின் வராந்தாவில் இருவரும் மூன்றாவது நாளாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். சோலைமலை ஒரு காலத்தில் பொலிஸில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் போர்டு மாட்டியிருந்தார். இக்ராம் வாடகைக் கார் ஓட்டுபவன். வழக்கு கிடைத்தால் உதவியாளன். கிடைக்காத மாதங்களில் இருவரும் அந்தக் கார் வருமானத்தில்தான் சாப்பிட்டார்கள்.

இந்த வாரத்து வழக்கு, வட்டவளை கந்தப்பனுடையது.

1947 தேர்தலில் கிரிமலைத் தொகுதியில் நின்று, 311 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துப் பாராளுமன்றம் போனவர் கந்தப்பன். மறு வருஷமே தோட்டத் தமிழரின் குடியுரிமை போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தல் வந்தபோது, பதவியில் இருந்த எம்.பி.யின் பெயரே வாக்காளர் பட்டியலில் இல்லை. அதற்குப் பிறகு 56, பிறகு 60-இல் இரண்டு. நான்கு பொதுத் தேர்தல்களையும் அவர் ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தார். சோலைமலை தம் குறிப்புப் புத்தகத்தில் அவருடைய அரசியல் வாழ்க்கையை ஒரே வரியில் எழுதி முடித்திருந்தார்: "போட்டியிட்டது ஒன்று. வென்றது ஒன்று. பிறகு ஓட்டே இல்லை."

1951-இல் கந்தப்பன் போட்ட பிரஜாவுரிமை மனு, பத்து வருஷம் கிடந்து, மூன்று தவணை தள்ளிப்போய், இப்போதுதான் கடைசி விசாரணைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்குள் யாரோ ஒருவர் கையெழுத்தில்லாத பெட்டிஷன் ஒன்றைத் தட்டிவிட்டிருந்தார். "இவர் 1942 ஆகஸ்ட் முதல் 1943 அக்டோபர் வரை பதினாலு மாதம் இந்தியாவில் சிறையில் இருந்தவர். ஆதாரம் இத்துடன் இருக்கிறது." ஆதாரம், கந்தப்பனின் சொந்தத் தேர்தல் நோட்டீஸ். குடும்பஸ்தன் 1946-க்கு முந்தைய ஏழு வருஷம் விடாமல் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நடுவில் ஒரே மூச்சாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் மனு தள்ளுபடி.

"பெட்டிஷன் போட்டவனைக் கண்டுபிடிங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லியிருந்தார் கந்தப்பன்.

"நெசமாவே பதினாலு மாசம் உள்ள இருந்தீங்களாய்யா?" என்று சோலைமலை கேட்டிருந்தார்.

கந்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதெல்லாம் அரசியல்," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. வழக்கைக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லாத ஒருவருக்காக மழையில் அலைவதைப் போல எரிச்சலான வேலை வேறு இல்லை.

திங்கட்கிழமை ஃபைல் கிடைக்காததால், 47-இல் தோற்ற எதிர் வேட்பாளரைத் தேடிப் போனார்கள். அவர் செத்து மூன்று வருஷமாகியிருந்தது. "ஆவி பெட்டிஷன் போட்டா ஸ்டாம்பு ஒட்டணுமாண்ணே?" என்று இக்ராம் கேட்டான். செவ்வாய்க்கிழமை, கந்தப்பனோடு சண்டை போட்டுப் பிரிந்த தொழிற்சங்கக்காரர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் அழுதுவிட்டார். "சண்டை போட்டது வாஸ்தவந்தான். ஆனா அந்த மனுசனுக்கே பிரஜாவுரிமை இல்லேன்னா எனக்கு எவன் குடுப்பான்?" என்றார்.

புதன் பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபைல் கிடைத்தது. "அஞ்சு நிமிசம்," என்றார் குமாஸ்தா.

பெட்டிஷன் ஆங்கிலத்தில் டைப் அடிக்கப்பட்டிருந்தது. ஹட்டன் டவுனில் பெட்டிஷன் அடித்துக் கொடுப்பவர்கள் ஆறு பேர். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சோலைமலை அதை ஒதுக்கிவிட்டு நோட்டீஸைக் கையில் எடுத்தார்.

"பாரத விடுதலைக்காகப் பதினாலு மாதம் சிறையில் வாடிய செம்மல் கந்தபன் அவர்களுக்கே உங்கள் வாக்கு!"

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். முதுகுப் பக்கத்தைத் திருப்பி முகர்ந்து பார்த்தார்.

"கமகமன்னு இருக்காண்ணே?"

"பசை வாசம் இல்ல. சுவத்துல ஒட்டாத தாள். சரி, பேரைப் படி."

இக்ராம் எழுத்துக்கூட்டிப் படித்தான். "கந்த... பன். நடுவுல ஒரு 'ப்' இல்லாம பேரு பட்டினி கிடக்கு. தன் பேரையே தப்பா அடிச்சு ஓட்டுக் கேட்டாரா மனுசன்?"

"இல்ல. அந்த நோட்டீஸ் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப நான் பொலிஸ். ஸ்டேஷன் சுவத்துலயே ஒட்டிட்டுப் போயிருந்தாங்க, நான்தான் சுரண்டினேன். அதுல பேர் சரியா இருந்துச்சு. இன்னொண்ணு பார். கீழே அச்சகத்துப் பேர் இல்ல. தேர்தல் நோட்டீஸ்ல அது இல்லாட்டி ஆளை உள்ள வச்சிடுவாங்க."

"அப்போ இது?"

"ஊருக்குக் குடுத்த நோட்டீஸே இல்ல. பிழை திருத்துறதுக்காக அச்சகத்துல முன்னாடி ஒண்ணு ரெண்டு அடிச்சுக் காட்டுவாங்களே, அந்த புரூப். இது யார் கைக்குப் போச்சுன்னு தெரிஞ்சா ஆள் சிக்கிடுவான்."

"அஞ்சு நிமிசம் ஆச்சு," என்று குமாஸ்தா ஃபைலைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்று சுரண்டிய நோட்டீஸில் இருந்த அச்சகத்துப் பேர் சோலைமலைக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் அது மூடி ஆறு வருஷமாகியிருந்தது. அந்த இடத்தில் சைக்கிள் கடை. எழுத்துக் கோத்தவர் நல்லமுத்து என்றும், டிக்கோயாவில் மகனோடு இருக்கிறார் என்றும் சைக்கிள் கடைக்காரர் சொன்னார். டிக்கோயாவுக்குப் போனால், தலவாக்கலைக்குக் கலியாணத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் மருமகள். வியாழக்கிழமை விடிந்ததும் தலவாக்கலைக்குக் காரை விரட்டினார்கள். ரயில் கேட்டில் இருபது நிமிஷம். வழியில் ரேடியேட்டர் ஒருமுறை கொதித்தது. கலியாண வீட்டில், "இப்பத்தானே ஹட்டன் பஸ்ஸுல ஏத்திவிட்டோம்," என்றார்கள்.

சோலைமலை தொப்பியைக் கழற்றிக் கார் மூடியின் மேல் அடித்தார்.

"கார் ஒரு பாவமும் பண்ணலண்ணே," என்றான் இக்ராம் மெதுவாக.

"ஏறு. பேசாத."

பஸ்ஸை விரட்டிக்கொண்டு வந்து டிக்கோயாச் சந்தியில் பிடித்தார்கள். கையில் வெற்றிலைத் தட்டத்தோடு இறங்கிய ஒல்லியான மனிதரை அப்படியே ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். சோலைமலை ஃபைலில் இருந்த நோட்டீஸை வரிக்கு வரி நகல் எடுத்து வைத்திருந்த தாளை மேசையில் விரித்தார்.

நல்லமுத்து கண்ணாடியைத் தேடவில்லை. பார்த்த உடனே சிரித்தார். "இது ரெண்டாம் புரூப்புங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஐயா மொதல்ல எழுதிக் குடுத்தது 'நாலு மாதம்'னுதாங்க. அப்படித்தான் கோத்து மொத புரூப் அடிச்சேன். மறுநாள் ஐயாவே அந்தத் தாளோட ஓடியாந்தாங்க. நாலை வெட்டிட்டு மேல பதினாலுன்னு எழுதியிருந்துச்சு. எதிர்க்கட்சிக்காரரு ஒரு வருசம் ஜெயில்ல இருந்தவராம். நாலு மாசம்னா ஜனங்க சிரிப்பாங்கன்னாரு. நமக்கென்னங்க? 'ந'வை எடுத்தேன். 'ப', 'தி', 'ன' மூணையும் சேத்தேன். பத்து மாசம் கூடிருச்சு."

இக்ராம் விசில் அடித்தான். "நீதவான் கூட அவ்வளவு சுளுவா தண்டனையைக் கூட்ட மாட்டாருங்களே!"

"அப்படி எழுத்தை மாத்துறப்போ பேருல இருந்து ஒரு 'ப்' கழண்டு விழுந்திருச்சு, நான் கவனிக்கல. ரெண்டாம் புரூப் ஒரே ஒரு தாள்தான் அடிச்சேன். அதுலதான் இந்தத் தப்பு. மூணாவதுல எல்லாம் சரி பண்ணி, கீழே பிரஸ் பேரும் போட்டுட்டேன்."

"அந்த ஒரே தாளை யாருக்குக் குடுத்தீங்க?"

"ஐயா கூட்டத்துக்குப் போயிட்டாங்க. வட்டவளை வீட்டுக்கு அனுப்பினேன். பிழை இருக்குன்னு வேற தாள்ல குறிச்சு வந்துச்சு. புரூப் திரும்பி வரல."

"மொத புரூப்?"

"அதை ஐயா அப்பவே மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாங்க."

"வீட்டுல பிழை திருத்தினது யாரு?"

சோலைமலை ஏதோ கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டதைப் போல நல்லமுத்து அவரைப் பார்த்தார். "ஐயா வீட்டு அம்மாதாங்க. வேற யாரு?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இக்ராமுக்குக்கூட வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை.

வட்டவளை ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது கந்தப்பன் வீடு. அவர் முன்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மறுநாள் விசாரணையில் பேசப்போவதை எழுதிக்கொண்டிருந்தார். பாராளுமன்றத்தில் பேசுவதற்கு எழுதுவதைப் போலவே, ஓரம் விட்டு, அடிக்கோடு போட்டு.

"ஆள் கிடைச்சானா?" என்றார் நிமிராமலே.

"பெட்டிஷன் இந்த வீட்டுலேர்ந்துதான் போயிருக்குங்கய்யா."

பேனா நின்றது. "என்ன உளர்றீங்க? துப்பறியச் சொன்னா என் வீட்டுக்குள்ளயே கை வைக்கிறீங்களா?"

"உளறலீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கந்தப்பனின் மனைவி சண்முகவடிவு வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு மடித்த தாள். "நான்தான் போட்டேன். டவுனுக்குப் போயி, டைப் அடிக்கச் சொல்லி, நானே தபால்ல சேத்தேன்."

கந்தப்பன் எழுந்தார். உட்கார்ந்தார்.

"நம்ம பூரணி பொறந்தது எப்ப?" என்று அவள் கேட்டாள். சோலைமலையை அல்ல, கணவனை. "சொல்லுங்க."

"நாப்பத்து மூணு... செப்டம்பர்."

"நீங்க நாலு மாசம் உள்ள இருந்துட்டு நாப்பத்திரண்டு டிசம்பர்ல வீட்டுக்கு வந்தீங்க. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஊருக்கு என்ன தெரியும்? நாம இங்க குடிவந்ததே பின்னாலதான். நீங்க அடிச்ச நோட்டீஸுதான் தெரியும். அதும்படி நாப்பத்து மூணு அக்டோபர் வரைக்கும் நீங்க ஜெயிலு. அப்பன் ஜெயில்ல இருக்கையில புள்ள எப்படிப் பொறந்துச்சுன்னு விரல் விட்டு எண்ணினாங்க. நீங்க சேத்த அந்தப் பத்து மாசம் என் தலையில விழுந்துச்சு. போன தையில வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதை வாய்விட்டே கேட்டுட்டுப் போனாங்க. பூரணி கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"சொன்னேன். ஜெயிச்ச வருசமே சொன்னேன். இப்ப சொன்னா மானம் போயிடும்னீங்க. பதவி போன பிறகு சொன்னேன். மறுபடி நிக்கணும், பொறுன்னீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன அன்னிக்கும் சொன்னேன். நீங்க பேப்பரு படிச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "வீட்டுல சொல்ல மாட்டீங்க. விசாரணையில சத்தியம் வச்சுக் கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

"அம்மா, மனு தள்ளுபடியானா உங்களுக்கும் புள்ளைக்கும் சேத்துத்தான் போகும்," என்றார் சோலைமலை.

"தெரியும். என் பேரும் அதுலதான் இருக்கு. அதுக்குத்தான் இதை வச்சிருந்தேன்." அவள் கையிலிருந்த தாளை நீட்டினாள். முதல் புரூப். 'நாலு மாதம்' என்று அச்சாகி, நாலின் மேல் கோடு போட்டு, கந்தப்பனின் கையெழுத்தில் 'பதினாலு' என்று எழுதியிருந்தது. "சலவைக்குப் போட்ட சட்டையில இருந்துச்சு. நாளைக்கு நாலுன்னு சொல்லி இதைக் காட்டினா தப்பிச்சுக்கலாம். பதினாலுன்னு சொன்னா..."

முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். கந்தப்பன் தாம் எழுதிவைத்திருந்த பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, விசாரணை அறையின் கதவு மழைக்காற்றிலும் சாத்தாமல் விரியத் திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. தோட்டத்து ஜனங்கள். பாதிப் பேர் 47-இல் கந்தப்பனுக்கு ஓட்டுப் போட்டவர்கள். அவர் உள்ளே போகும்போது எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி வழுக்கைத் தலையர், களைத்துப் போனவர். சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "1942-இல் போனபோது நீங்கள் எத்தனை மாதம் இந்தியாவில் இருந்தீர்கள்?"

கந்தப்பன் கதவுப் பக்கம் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சோலைமலை பல்லைக் கடித்தார். 'சொல்லித் தொலையுமய்யா' என்று மனதுக்குள் கத்தினார்.

"நாலு மாசம்," என்றார் கந்தப்பன்.

வராந்தாவில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"நோட்டீஸ்ல பதினாலுன்னு போட்டது பொய். ஓட்டுக்காக நானே எழுதினேன்." அவர் அதிகாரிக்கு முதுகு காட்டிக்கொண்டு கதவை நோக்கித் திரும்பிவிட்டார். மேடைக் குரல் வந்தது. "நாப்பத்திரண்டு டிசம்பர்லயே நான் வீட்டுக்கு வந்துட்டேன். என் மக பொறந்தப்போ டிக்கோயா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னது நான்தான். என் சம்சாரத்தைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருந்தா, அந்தப் பாவம் என்னோடது."

மொழிபெயர்ப்பாளர் விழித்தார். "இதையும் மொழிபெயர்க்கணுமா?"

சுவரோரம் நின்ற சண்முகவடிவு சொன்னாள்: "வேணாங்க. தமிழ்ல கேக்க வேண்டியவங்க கேட்டுட்டாங்க."

சோலைமலை முதல் புரூப்பை மேசையில் வைத்தார். அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பொறுமையாகவே பேசினார். மொழிபெயர்ப்பாளரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இரண்டுமே தேர்தல் நோட்டீஸ். ஒன்றில் நாலு, இன்னொன்றில் பதினாலு. இரண்டும் உங்களுடையதுதான். ஓட்டுக்காகப் பொய் எழுதினேன் என்கிறீர்கள். பிரஜாவுரிமைக்காக இன்று சொல்வது மெய்யென்று நான் எதை வைத்து நம்புவது? டிசம்பரில் திரும்பி வந்ததற்குக் கப்பல் சீட்டு இருக்கிறதா? சிறைச்சாலைக் கடிதம் இருக்கிறதா? வாய்ச்சாட்சி போதாது."

"சிறைக்கு எழுதிக் கேக்க ரெண்டு மாசம் தவணை குடுங்க சார்," என்றார் சோலைமலை.

"ஏற்கெனவே மூன்று தவணை. இது கடைசி."

"மகளோட பிறப்புச் சான்றிதழ் இருக்குங்க."

அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். சண்முகவடிவை ஒருமுறை ஏறிட்டுவிட்டுச் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். "குழந்தை இங்கே பிறந்தது என்பதற்குத்தான் இது அத்தாட்சி. தகப்பன் இங்கே இருந்தார் என்பதற்கு அல்ல."

இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் சோலைமலை தூணில் சாய்ந்துகொண்டார். "அஞ்சு நாள்," என்றார். "எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சேன். எந்தத் தாளு, எந்த எழுத்து, ஏன் எழுதினாங்க, எல்லாம் கண்டுபிடிச்சேன். என்ன பிரயோசனம்? ஒரு கப்பல் சீட்டைத் தேடியிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்."

"அவரு மொத நாளே வாயைத் திறந்திருந்தா தேடியிருப்போம்ணே," என்றான் இக்ராம். அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

சண்முகவடிவு கணவனுக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. வராந்தாவில் இருந்த பெண்கள் இரண்டு பேர் நகர்ந்து அவளுக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நாளும் சண்முகவடிவோடு பேசாதிருந்தவள் அவள்.

கந்தப்பனிடம் யாரும் வரவில்லை. கடைசியில், பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மா என்ற தோட்டத்துப் பெண் எழுந்து வந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். மடியில் தன்னுடைய மனுக் காகிதங்களைச் சுருட்டிச் செருகியிருந்தாள்.

"ஐயா, நான் நாப்பத்தேழுல உங்களுக்குத்தான் போட்டேன்."

கந்தப்பன் தலை குனிந்தார். "மன்னிச்சிரும்மா. பொய் சொல்லித்தான் வாங்கினேன்."

"எந்தப் பொய்யி? ஜெயிலா?" பேச்சியம்மாவுக்குப் புரியவில்லை. "நோட்டீஸை யாருங்க படிச்சா? எங்க லயத்து வீடுங்க அத்தனையிலயும் எழுத்துத் தெரிஞ்சவங்களே ரெண்டு பேருதான். நீங்க எங்க தோட்டத்துக்கு வந்து, லயத்துக்குத் தண்ணிக் குழாய் போட்டுத் தர்றேன்னு சொன்னீங்க. அதுக்காகத்தான் நாங்க அத்தனை பேரும் போட்டோம். நீங்க நாலு மாசம்னு சொல்லியிருந்தாலும் போட்டிருப்போம். ஜெயிலுக்கே போகலேன்னாலும் போட்டிருப்போம்."

கந்தப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"குழாய் இன்னும் வரலீங்க," என்றாள் அவள்.

உள்ளேயிருந்து மொழிபெயர்ப்பாளர் அவள் பெயரை அழைத்தார். பேச்சியம்மா மடியிலிருந்த காகிதங்களை எடுத்து, நீவி, சரிபார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.